பூஜ்ய மார்க் வாங்கின முள்ளம்பன்றி

ஒரு காட்டுல, பிள்ளைகளா, புலியும் இல்ல, சிங்கமும் இல்ல. ஆனா பாதுகாப்புக் கொள்கை இருந்துச்சு. மொத்தம் நாற்பத்திரண்டு விதி. எழுதினது தலைவர் யானை. முழுசாப் படிச்சதும் தலைவர் யானை மட்டும்தான்.

மழைக்காலம் நாலு மாசமும் அந்தக் காட்டுல தின்ன எதுவும் கிடைக்காது. அதனால முன்னாடியே சேர்த்து மூணு இடத்துல வைப்பாங்க. மரப்பொந்துல கொட்டைங்க, அதுக்கு அணில் காவல். குகையில தேன், அதுக்குக் கரடி காவல். வளைக்குள்ள கிழங்கு, அதுக்கு முள்ளம்பன்றி காவல்.

ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒரு ஆமை தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். வெளியிலேருந்து ரகசியச் சொல்லைச் சொன்னா திறக்கும். சொன்னது யாருன்னு எட்டிப் பார்க்காது. ஆமைக்கு ஆளைத் தெரியாது, சொல்லைத்தான் தெரியும்.

எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ஒருநாள் ஒரு மைனா வந்து, "பக்கத்துக் காட்டுக் கொள்கைக்கு எழுபது மார்க் போட்டிருக்காங்களாம்"னு சொல்லிட்டுப் பறந்துருச்சு. யானைக்கு அன்னைக்குச் சாப்பாடே இறங்கல. ஒரு வாழைத்தோப்போட நிறுத்திக்கிச்சு.

மறுநாள் காலையில மரநாய் ஒண்ணு வந்துச்சு. கழுத்துல தேக்கிலை அட்டை. அதுல 'மதிப்பீட்டுக் குழு'ன்னு கீறியிருந்துச்சு.

"குழுன்னு போட்டிருக்கு. நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க?" யானை கேட்டுச்சு.

"மத்தவங்க சரியான நேரத்துக்கு வந்துருவாங்க தலைவரே. முதல்ல நான் மார்க் போட்டுடுறேன்."

'மார்க்'ங்கிற வார்த்தையைக் கேட்டதும் யானை வேற எதுவும் கேட்கல. எல்லாரும் முழு ஒத்துழைப்புக் கொடுக்கணும்னு உத்தரவு போட்டுருச்சு.

மரநாய் முதல்ல மரப்பொந்துக்குப் போச்சு.

"ரகசியச் சொல் கஷ்டமானதான்னு நான் சோதிக்கணும். சொல்லு பார்ப்போம்."

அணில் கையைப் பிசைஞ்சுச்சு. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குங்களே ஐயா."

"அருமை. விதி தெரிஞ்சிருக்கு. பத்து மார்க். இப்ப சொல்லு."

பத்து மார்க் கிடைச்ச சந்தோஷத்துல அணில் சொல்லிருச்சு. அதோட விடல. "மறந்துட்டா என்ன பண்றதுன்னு கதவுக்குப் பின்னாடி எழுதியும் ஒட்டியிருக்கேங்க."

"முன்யோசனைக்குத் தொண்ணூறு. மொத்தம் நூறு," என்றது மரநாய்.

அடுத்து குகை. கரடி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னுச்சு. "எங்க சொல்லை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"'தேன்'தானே?"

"இல்லையே. 'தேன் தேன்'."

"அடேயப்பா. எனக்குத் தோணவே இல்லை."

"சும்மாவா? மூணு நாள் யோசிச்சேன்," என்றது கரடி.

கடைசியா வளை. முள்ளம்பன்றி வாசல்ல உட்கார்ந்து முதுகைச் சொறிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"உன் ரகசியச் சொல் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"நான் மதிப்பீட்டாளர்."

"இருங்களேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

"சரி, கொள்கையில எத்தனை விதி?"

"தெரியாது. உள்ள எத்தனை கிழங்கு இருக்குன்னு தெரியும். அதையும் சொல்ல மாட்டேன்."

"தலைவரே வந்து கேட்டா?"

"அவருக்கும் இதே பதில்தான். வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வந்துரும்."

மரநாய் இலையில பெருசா ஒரு முட்டை போட்டுச்சு.

சேதி யானைக்குப் போச்சு. தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு வந்துச்சு. "ஏம்ப்பா, அணில் நூறு, கரடி நூறு, நீ பூஜ்யமா? உன்னால நம்ம சராசரியே போச்சு. பக்கத்துக் காட்டுக்காரன் முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்றது?"

"கிழங்கு பத்திரமா இருக்குங்க."

"கிழங்கைப் பத்தி யாருய்யா கேட்டா?"

மரநாய் பக்கத்துல வந்து பணிவா, "இவரை விட்டுட்டுக் கூட்டினா நம்ம காட்டுக்கு நூற்றுக்கு நூறு வருது தலைவரே," என்றது.

"அப்படியே போடுங்க. நாளைக்குப் பாராட்டு விழா. எல்லாரும் வரணும், முள்ளம்பன்றி மட்டும் வரக்கூடாது. விழா முடிஞ்சதும் கரடி வந்து இந்த வளைக்கும் பொறுப்பெடுத்துக்கும்."

முள்ளம்பன்றிக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. காவலைத் தவிர அதுக்கு வேற வேலை தெரியாது. ஆனாலும், "சரிங்க. விழா முடியட்டும்," என்றது.

மறுநாள் உச்சிவெயில்ல அத்திமரத்தடியில விழா. காவலைப் பத்தி ஒருத்தருக்கும் கவலை இல்லை. உள்ள ஆமை இருக்கே. யானைக்கு வாழையிலையில பொன்னாடை. அணிலுக்கும் பொன்னாடை. அது மூணு சுத்து சுத்தியும் மிச்சம் தரையில கிடந்துச்சு. கரடி வரவேற்புரையில தன்னைத்தானே நாலு தடவை வரவேற்றுச்சு.

அப்புறம் மரநாய் எழுந்துச்சு. நாற்பத்திரண்டு விதியையும் ஒண்ணொண்ணா வாசிச்சு, ஒவ்வொண்ணையும் பாராட்டுச்சு. யானைக்கு ஆனந்தக் கண்ணீர். தட்டித் தட்டி எல்லாருக்கும் கை சிவந்துபோச்சு. கடைசி விதி முடிஞ்சதும், "தொண்டை காய்ஞ்சிருச்சு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு போச்சு.

நன்றியுரை முடிஞ்சும் அது வரல.

அணில் பொந்துக்குப் போய்ப் பார்த்துச்சு. ஒரு கொட்டை இல்லை. கதவுக்குப் பின்னாடி ஒட்டின சீட்டு மட்டும் இருந்துச்சு. குகையில தேன் இருந்த இடத்தை யாரோ நக்கித் துடைச்சு வச்சிருந்தாங்க.

"யாருக்குக் கதவைத் திறந்தே?" கரடி ஆமையைப் பிடிச்சு உலுக்குச்சு.

"யாருன்னு நான் எதுக்குப் பார்க்கணும்? 'தேன் தேன்'னாங்க. ஏழெட்டுக் குரல் கேட்டுச்சு. குழுன்னு சொல்லிக்கிட்டாங்க."

எல்லாரும் வளைக்கு ஓடினாங்க. வாசல்ல முள்ளம்பன்றி அதே இடத்துல உட்கார்ந்திருந்துச்சு. முதுகுல மூணு முள்ளு குறைஞ்சிருந்துச்சு.

"குழு இங்கயும் வந்துச்சா?" யானை மெதுவாக் கேட்டுச்சு.

"வந்தாங்க. என்னை மதிப்பீடு பண்ணணும்னாங்க. ஏற்கெனவே பூஜ்யம் வாங்கியாச்சு, இதுக்கும் கீழ எங்க போறதுன்னு கேட்டுட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். ஒருத்தர் கொஞ்சம் நெருங்கி வந்துட்டார். மூக்கோட மூணு முள்ளைக் கொண்டுபோயிட்டார்."

அப்பவே முதல் தூறல் விழுந்துச்சு. நாலு மாசத்துக்குக் காட்டுல மிச்சம் இருந்தது அந்தக் கிழங்குதான். கரடி பொறுப்பெடுக்கிற பேச்சையே எடுக்கல.

"வரிசையா நில்லுங்க. அளவாச் சாப்பிட்டா எல்லாருக்கும் வரும். உள்ள யாரும் வரவேண்டாம், நான் வெளிய கொண்டுவந்து தர்றேன்," என்றது முள்ளம்பன்றி.

யானை குனிஞ்சு காதுகிட்ட வந்துச்சு. "அந்தச் சொல் என்னன்னு எனக்கு மட்டும்..."

"மாட்டேங்க."

யானை நிமிர்ந்துச்சு. அப்புறம் தன்னோட பொன்னாடையைக் கழற்றி முள்ளம்பன்றிக்குப் போர்த்துச்சு. இலை முள்ளுல மாட்டி நார் நாராக் கிழிஞ்சுபோச்சு. வரிசையில நின்ன யாரும் சிரிக்கல. பசி.

நீதி: சோதிக்க வந்தவரை முதல்ல நீ சோதிச்சுக்கோ. மார்க்குக்காக ரகசியத்தைச் சொன்னா, மார்க் மட்டும்தான் மிஞ்சும்.