உண்ணியும் விரதமும்

எந்த உயிரையும் கொல்வதில்லை என்று விரதம் எடுத்திருந்தார் ஏகாம்பரம். எறும்பு மிதிபடுமோ என்று தரையைப் பார்த்தே நடப்பார். அவருடைய குரு மங்கையம்மாள் அவரைவிட வயதில் இளையவர்.

அந்தக் கோடையில் மடத்து நாய் கறுப்பனுக்கு உண்ணி மொய்த்தது. ஏகாம்பரம் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நசுங்காமல் இலையில் ஏந்திக்கொண்டு போய்க் கிணற்றடிப் புல்லில் விட்டார். அன்று அவருக்குத் தியானம் நன்றாகக் கூடியது.

சில நாளில் சமையல்காரி செங்கமலம் தன் மகள் தேனுவை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சாமி, உங்க விரதம் எம்பொண்ணு தொடையில ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பத்தான் பிடுங்கிப் போட்டேன்."

"எங்கே விளையாடினாள்?"

"எங்கயா? நீங்க கொண்டுபோய் குடிவச்சீங்களே, அந்தப் புல்லுலதான். இந்த நாய் இருந்தா நாங்க இருக்க மாட்டோம்."

தேனு ஓடிப்போய்க் கறுப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செங்கமலம் அவளைப் பிய்த்து எடுக்கவேண்டியிருந்தது.

ஏகாம்பரம் குருவிடம் போனார்.

"அம்மா, கறுப்பனைப் பால்வண்டியில் ஏற்றிச் சந்தையில் விட்டுவிடலாம். யாரும் எதையும் கொல்ல வேண்டியிருக்காது."

"அவனுக்குச் சோறு?"

"யாராவது போடுவார்கள்."

"புல்லில் இருக்கும் உண்ணிகளுக்கு?"

ஏகாம்பரம் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மங்கையம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். இருவரும் புல்லை ஒட்ட அறுத்தார்கள். மட்கிக் கிடந்த சருகை வாரியதும் ஈரத் தரையில் வெயில் விழுந்தது. நாய் படுக்கும் சாக்கைக் கொதிக்கும் நீரில் போட்டார்கள்.

பிறகு மங்கையம்மாள் கறுப்பனை மடியில் சாய்த்து, காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் துழாவினார். அகப்பட்டவற்றைத் தோலோடு ஒட்டப் பிடித்து இழுத்து, சோப்புத் தண்ணீர் நிரப்பிய கொட்டாங்கச்சியில் போட்டார். ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாவம் இல்லையா அம்மா?"

"இருக்கலாம். அந்த எண்ணெயை எடுங்கள்."

தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்திருந்தது. கண்ணிலும் வாயிலும் படாமல் தேய்த்துவிட்டார்கள். கறுப்பன் தும்மினான்.

வாசலில் நின்ற செங்கமலம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நாய் வீச்சத்துக்கு இது தேவலையாக்கும்!"

"செங்கமலம், தேனு விளையாடிவிட்டு வந்ததும் பாவாடையை உதறு. முழங்கால் மடிப்பையும் தலையையும் பார்," என்றார் மங்கையம்மாள்.

"பாக்குறேன்." தேனுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடி ஒண்ணு ஏறினாலும் நாய் போயிடணும். இப்பவே சொல்லிட்டேன்."

தேனு தாயின் கையை உதறிக்கொண்டு கறுப்பனிடம் ஓடினாள். செங்கமலம் தடுக்கவில்லை.

ஏகாம்பரம் கொட்டாங்கச்சியைப் பார்த்தபடி இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எனக்குத் தெரியவில்லை. இனி உண்ணி வந்தால் கொல்வதா, விடுவதா?"

மங்கையம்மாள் கறுப்பனின் தலையை மெல்லத் தூக்கி ஏகாம்பரத்தின் மடியில் வைத்தார்.

"உண்ணியை எடுக்கத்தான் இவனைத் தொட்டீர்கள், ஏகாம்பரம். சும்மா ஒரு நாள் தடவிக் கொடுத்திருந்தால், ஒன்றே ஒன்றாக இருந்தபோதே அது உங்கள் கையில் பட்டிருக்கும்."