ஆனை நோட்டு

மலையடிவாரத்து ஊர் ஒண்ணுல மாராத்தா, மாராத்தான்னு ஒருத்தி இருந்தாளாம் சாமி. அவளுக்கு என்ன வேலை தெரியுமா? ஆனை ஊருக்குள்ள வந்தா வனத்துறை நோட்டுல பதியறது. பதியறதுன்னா சும்மா எழுதறதில்லை. நேர்ல போகணும், கண்ணால பாக்கணும், எந்த நாள், எந்த எடம், என்ன பண்ணுச்சுன்னு அத்தனையும் எழுதணும். எழுதுனதை அடிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. தப்பாயிருச்சுன்னா, கீழயே தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ம் சொல்லு.

ஒரு நாள் விடியக்காலம் தோட்டக்கார வேலப்பன் தடதடன்னு ஓடியாந்தான். "அக்கா, அந்தத் தந்தம் வெச்ச கொம்பன் என்னோட வாழையைச் சாச்சுப்போட்டுது, பதிஞ்சுக்கோ!" மாராத்தாளுக்கு முழங்கால் வலி. குளிரு வேற. இவன் பொய்யா சொல்லப்போறான்னு போர்வைக்குள்ள இருந்தே எழுதிப்போட்டா. அப்புறம் எட்டு நாள் கழிச்சு, "அக்கா, வேலியை முறிச்சுப்போட்டுது!" அதையும் எழுதுனா. அப்புறம் ஒரு பெருமழை விட்ட காலையில, "அக்கா, மோட்டார் ரூம் செவுரு போச்சு!" அதையும் எழுதுனா. தூங்கிட்டயா? சரி, கேளு.

அன்னைக்கு மத்தியானமே டுர்ர்ருன்னு ஒரு பெரிய லாரி வந்து நின்னுது. சங்கிலி, கயிறு, மயக்க ஊசித் துப்பாக்கி. "மூணு பதிவு ஆயிருச்சுன்னா புடிக்கணும்மா, கொம்பனைப் புடிச்சுட்டுப் போறோம்"னு நோட்டைக் கையில வாங்கிக்கிட்டாரு ரேஞ்சர். மாராத்தாளுக்குத் திக்குன்னுச்சு. நொண்டி நொண்டி மோட்டார் ரூமுக்குப் போனா. சுத்தியும் சேறு சதசதன்னு கெடக்குது. ஆனை வந்திருந்தா அதுல காலடி இருக்கணுமே? கோழிக் காலடிதான் இருந்துது. செவுரு மழையில ஊறி விழுந்திருக்குது.

அப்போ வாழையும் வேலியும்? ஆனை பண்ணுச்சோ பண்ணலையோ, யாரு கண்டா? அவ பாக்கலை சாமி. பாக்காததைப் பாத்த மாதிரி பதிஞ்சுபோட்டா.

ரேஞ்சர்கிட்ட இருந்து நோட்டைத் திருப்பி வாங்கி மூணுக்கும் கீழ எழுதுனா: "நான் போகலை. பாக்கலை. கேட்டு எழுதுனேன்." கையெழுத்தும் போட்டா.

"ஊரே உன்னைத் திட்டும் அக்கா"ன்னான் வேலப்பன்.

"திட்டட்டும்."

"இனி இந்த வேலை உனக்கில்லை"ன்னாரு ரேஞ்சர்.

"சரிங்க"ன்னா. சொல்றப்பவே கண்ணுல தண்ணி. பதினோரு வருஷ வேலை, சும்மாவா?

லாரி காலியா திரும்பிருச்சு. நோட்டும் அதுலயே போயிருச்சு.

அப்புறம் மறுநாள் பொழுது சாயறப்ப, சலக் சலக்குன்னு குட்டையில சத்தம். கொம்பன்! தண்ணி குடிச்சுது, முதுகுல ஊத்திக்கிச்சு, ஒருத்தர் வாழையையும் தொடாம மேல ஏறிப் போயிருச்சு. மாராத்தா அந்த வலிக்கிற காலோட கரையில நின்னு, அது மறையற வரைக்கும் பாத்துட்டே இருந்தா. எழுதறதுக்குத்தான் கையில ஒண்ணுமில்லை.

அவ்வளவுதான். கொம்பன் காட்டுக்குப் போயாச்சு, நீ தூக்கத்துக்குப் போ சாமி.