சங்கிலியைத் தொட்டவர்

எந்த ஊரில் நிகழ்ச்சி நடந்தாலும், மேடையை விட்டு இறங்கும் முன் ஆக்னஸ் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்வார். "நீங்கள் பார்த்தது வித்தை. எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது."

அதைக் கேட்கும்போதெல்லாம் குலசேகரனுக்குக் கோபம் வரும்.

குலசேகரன் ஆக்னஸிடம் வித்தை கற்க வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்து, டாக்டர்களின் முகத்தைப் பார்த்தே அவர்கள் மனதில் இருப்பதைக் கணித்துப் பழகியவர். அந்த வேலையை உதறிவிட்டு மேடைக்கு வந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஐட்டம்தான். பொருளைத் தொட்டு ஆளைச் சொல்வது.

சபையில் சிலர் தங்கள் மோதிரத்தையோ சாவியையோ ஒரு துணிப்பையில் போட்டுத் தருவார்கள். பைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவற்றை நன்றாகக் கலைத்துவிடுவார்கள். ஆக்னஸ் ஒரு பையைப் பிரித்து, பொருளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லியபடியே நடந்து போய் அவர் கையிலேயே அதைக் கொடுப்பார். சபை கைதட்டும். பைகளின் ஓரத் தையலில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு என்பது குருவுக்கும் சீடருக்கும் மட்டுமே தெரியும்.

அதன் பிறகு அந்த வார்த்தை வரும். கைதட்டல் பாதியாகிவிடும்.

"போட்ட கோலத்தை நாமே ஏன் மிதிக்கணும் மாஸ்டர்?" என்று குலசேகரன் ஒருமுறை கேட்டார்.

"நீங்க செய்ற அன்னிக்கும் அதைச் சொல்லாம இறங்காதீங்க" என்றார் ஆக்னஸ். காரணம் சொல்லவில்லை. குலசேகரனின் கோபம் அப்படியே கிடந்தது.

ஆயுத பூஜைக்குப் பகல் ஷிப்டுக்கு மட்டும் லீவு விட்ட ஒரு நூற்பாலையில் நிகழ்ச்சி. ஆலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் மதியம் முழுவதும் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆக்னஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. குரல் எழும்பவில்லை. பொருளைத் தொட்டுச் சொல்வதை மட்டும் குலசேகரனைச் செய்யச் சொன்னார்.

குலசேகரன் அன்று பிரமாதமாகச் செய்தார். ஒரு சீப்பைக் கையில் மூடிக்கொண்டு, இதன் சொந்தக்காரிக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்குத் தலைவாரிவிட ஆளில்லை என்றார். கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். குலசேகரன் அந்தக் கும்பிடைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இறங்கினார்.

"சொல்லலையே" என்றார் ஆக்னஸ்.

"மறந்துட்டேன் மாஸ்டர்."

அவர் மறக்கவில்லை.

ஆக்னஸ் சாமான்களை வேனில் ஏற்றப் போனார். அந்த நேரம் பார்த்து ஆலை மேனேஜர் ராமபத்ரன் குலசேகரனைத் தனியே அழைத்தார். விடுதி வார்டனின் தங்கச் சங்கிலி காணாமல் போய், பிறகு அரிசி மூட்டைக்குள் அகப்பட்டதாம். யாரோ எடுத்து, பயந்துபோய் அங்கே போட்டிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. "நீங்க தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்று சங்கிலியை நீட்டினார்.

தன்னால் முடியாது என்று குலசேகரன் சொல்லியிருக்கலாம். அவர் கையை நீட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். குலசேகரன் சங்கிலியை மூடிய கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்து நடந்தார். ஒரு பெண்ணின் விரல்கள் நடுங்கின. அவள் தாவணி நுனியை இறுகப் பிடித்து அதை மறைக்கப் பார்த்தாள். குலசேகரன் அவள் எதிரே நின்று கண்ணை மூடினார்.

"இங்கே கனமா இருக்கு" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மேனேஜருக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் குலசேகரன் இதை ஆக்னஸிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஆக்னஸ் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எந்தப் பொண்ணு?"

"பேர் தெரியாது."

"பேர் தெரியாது" என்று ஆக்னஸ் திருப்பிச் சொன்னார். கம்மிய குரலில் அது உறுமல் மாதிரி இருந்தது.

"நான் யாரையும் கைகாட்டல மாஸ்டர். கனமா இருக்குன்னுதான் சொன்னேன்."

"ஒரே சங்கிலி. ஒருத்தி முன்னாடி ஒரு எடை, இன்னொருத்தி முன்னாடி இன்னொரு எடையா?"

குலசேகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. டிரைவர் எதிரே தன்னைக் கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆக்னஸ் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

திரும்பி வந்தவர்களைப் பார்த்து மேனேஜர் எரிச்சலடைந்தார். விஷயம் முடிந்துவிட்டது என்றார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாயிற்று, காலையில் வந்து கூட்டிப்போவார். இனி இதில் வெளியாட்களுக்கு வேலை இல்லை.

"உங்க ஆள்தானே சொன்னார்?" என்றார்.

"அவரே இப்ப இன்னொண்ணும் சொல்வார். எல்லாப் பொண்ணுங்களையும் கூப்பிடுங்க" என்றார் ஆக்னஸ்.

பெண்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடி கூடினார்கள். ஆக்னஸ் பைகள் இருந்த பெட்டியைக் குலசேகரன் முன்னால் மேசைமேல் வைத்தார்.

"தையலைக் காட்டுங்க."

குலசேகரன் நம்ப முடியாமல் பார்த்தார். "வித்தையை வெளியே சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினது நீங்க."

"ஆமா. இன்னிக்கு அதை மீறுங்க."

"இதுக்கப்புறம் இந்த ஜில்லாவுல நமக்கு மேடையே கிடையாது."

"தெரியும். பையை எடுங்க."

"நீங்களே காட்டுங்களேன்."

"சங்கிலியைத் தொட்டது நானா?"

குலசேகரன் பையை எடுத்தார். எந்தப் பைக்கு எந்தத் தையல், எப்படிப் பார்க்காத மாதிரி பார்ப்பது, எந்த வரிசையில் வாங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பைகள் கைமாறிக் கூடம் முழுவதும் போயின. பெண்கள் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சீப்புக்காரி எழுந்தாள். "என் தங்கச்சியைப் பத்திச் சொன்னீங்களே?"

"சீப்புல ரெண்டு நீளத்துல முடி இருந்தது. சின்னப் பிள்ளை முடி மாதிரி பட்டுது. மத்தது ஊகம்."

"தலைவாரிவிட ஆளில்லைன்னீங்க?"

"நீங்கதான் இங்க இருக்கீங்களே. அதை வெச்சுச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த பையைத் தரையில் வீசி அடித்தாள். "தூ" என்றாள்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப செவ்வந்தி முன்னாடி நின்னு சொன்னது?"

மேனேஜர் முன்னால் வந்து எல்லாரையும் வேலைக்குப் போகச் சொன்னார். மாலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்த பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் மிரட்டினார். சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. செவ்வந்தியின் பக்கத்துக் கட்டில்காரி மட்டும் எழுந்து, அவளைக் கூட்டி வந்தால் போகிறோம் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

வார்டன் அறையில் உட்கார வைத்திருந்த செவ்வந்தியைக் கூட்டி வந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. துணிமணி கட்டிய பை கையில் இருந்தது. நடந்ததை யாரோ அவளிடம் வேகவேகமாகச் சொன்னார்கள். அவள் கேட்டு முடித்துவிட்டு நேராகக் குலசேகரனிடம் வந்தாள்.

"என்கிட்ட என்ன பார்த்தீங்க?"

"உன் கை நடுங்குச்சு."

"சங்கிலி காணாமப் போன நாள்லேருந்து எங்க எல்லார் பெட்டியையும் கொட்டிக் கவுத்துட்டிருக்காங்க. இங்க யாருக்குக் கை நடுங்கல? அவ கையைப் பாருங்க. இவ கையைப் பாருங்க." அவள் பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். "நீங்க என் முன்னாடி நின்னீங்க. அவ்வளவுதான்."

குலசேகரன் தலை குனிந்தார். அவள் விடவில்லை.

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க. மேனேஜர் சொல்ல வேண்டாம். நீங்க சொல்லுங்க."

போனைப் போட்டுக் கொடுத்தார்கள். மறுமுனையில் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல். மனிதர் அப்போதே கிளம்பியிருந்தார். தான் சொன்னதை நம்ப வேண்டாம் என்றும், அது மேடையில் செய்யும் வித்தை என்றும் குலசேகரன் சொன்னார்.

"நீங்கதான் அந்தச் சாமியா?" என்று கேட்டார் அப்பா.

"நான் சாமி இல்லீங்க."

"அப்ப எம்மகளைத் திருடின்னு சொல்ல நீ யாருய்யா?"

அந்த மனிதர் பதிலுக்குக் காத்திருந்தார். கடைசியில் செவ்வந்தியே போனை வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போனாள்.

இத்தனை பேர் உட்கார்ந்திருக்க, இயந்திரங்கள் ஆளில்லாமல் கிடக்க, மேனேஜருக்கு வேறு வழியில்லை. எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்றும், அந்தப் பெண் விடுதியிலேயே இருக்கலாம் என்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். வார்டன் அவளை அடித்ததைப் பற்றி அவர் பேசவில்லை. வார்டன் மன்னிப்புக் கேட்டால்தான் எழுந்திருப்போம் என்று பெண்கள் சொன்னார்கள். வார்டன் முணுமுணுப்பாகக் கேட்டாள். செவ்வந்தி பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். ஆக்னஸுக்கும் அவள் நன்றி சொல்லவில்லை. ஆக்னஸ் அதை எதிர்பார்த்தவராகவும் தெரியவில்லை.

வேன் மெயின் ரோட்டுக்கு வரும்வரை குலசேகரன் அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு கொட்டினார். லீவு கிடைத்ததும் இந்தப் பெண்கள் ஊருக்குப் போவார்கள், ஒவ்வொரு ஊரிலும் இதைச் சொல்வார்கள், பைகளை இனி அடுப்பில்தான் போட வேண்டும் என்றார். தன்னைத் தனியாகக் கண்டித்திருக்கலாம், அத்தனை பேர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தியிருக்க வேண்டாம் என்றார்.

"அவளை எங்கே நிறுத்தினீங்க?" என்றார் ஆக்னஸ்.

குலசேகரனின் கோபம் இறங்கவில்லை. அது வேறொரு வழி தேடியது.

"அவ்வளவு பேசினாளே, எடுத்தியா இல்லையான்னு நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஒருவேளை அவதான் எடுத்திருந்தா?"

ஆக்னஸ் திரும்பி அவரைப் பார்த்தார். குரல் அநேகமாகப் போய்விட்டிருந்தது. குலசேகரன் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் திரும்பிப் போனோம்."