முதலை போட்ட மறுப்பு

வெள்ளந்திப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு என்னோடு சண்டைக்குக் கிளம்புவார்கள். கிளம்பி, வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நின்று கத்துவார்கள். யாரோ ஒரு புண்ணியவானுக்கு எதற்கு அந்தத் தலைவலி?

கோடையில் கண்மாய் வற்றியதும் அங்கே மீன்பிடித் திருவிழா. ஊர்த் தலைவரான அம்பலம் சோணைமுத்து கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினால்தான் ஜனங்கள் கூடையோடு தண்ணீரில் இறங்கலாம். இந்தத் தடவை பேச்சியம்மாளுக்குத்தான் அவசரம். விருந்துக்கு வந்திருக்கும் புது மாப்பிள்ளை, "அத்தை, உங்க கண்மாய் விரால் குழம்பு சாப்பிடாம நான் ஊருக்குப் போறதில்ல" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதைப் போடாமல் அனுப்பினால் சம்பந்தி வீட்டில் சும்மா விடுவார்களா? அவள் காலையிலேயே புளியைக் கரைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அம்பலம் துண்டை எடுத்துக் கையைத் தூக்கினார். அந்நேரம் பார்த்து ஆளாளுக்குப் போனில் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு கரையில் முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. கீழே, "நம்ம கண்மாயில் முதலை! உடனே பகிரவும்!"

தூக்கிய கை அப்படியே நின்றது.

"அவசரப்படக் கூடாது," என்றான் வீரணன். பட்டணத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் வீரணன். "மொதல்ல செய்தி எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிக்கணும்."

விசாரித்தார்கள். வீரணனுக்கு அனுப்பியது பூவலிங்கம். பூவலிங்கத்துக்கு அனுப்பியது கருப்பணன். கருப்பணனுக்கு அனுப்பியது வீரணன்.

"ஆக, மூணு பேரு சாட்சி," என்றார் அம்பலம்.

"அடுத்து, படத்தையும் இடத்தையும் ஒத்துப் பாக்கணும்," என்று வீரணன் போனைக் கண்மாய்க்கு நேராக நீட்டினான்.

கருப்பணன் எட்டிப் பார்த்தான். "படத்துல முதலை கரையில இருக்கு. இங்க கரையில ஒண்ணையும் காணோமே?"

"அடேய், கரையில இல்லேன்னா வேற எங்கடா இருக்கும்?" என்றான் வீரணன்.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முழங்கால் தண்ணியில முதலை எங்கய்யா ஒளியும்? வீசுங்கய்யா துண்ட! அங்க மாப்பிள்ள பசியோட உக்காந்திருக்காரு!"

"அக்காவப் பேச விடுங்கப்பா. பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான் பூவலிங்கம். ஓடிப்போய்க் கோயில் மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவளும் தொண்டை கிழியப் பேசினாள். முடித்ததும் ஊரே கைதட்டியது. ஒருத்தரும் இறங்கவில்லை.

"இன்னும் என்னய்யா?"

"எதிர்த்தரப்பையும் கேக்கணும்னு டீச்சரம்மா சொன்னாங்களே," என்றான் வீரணன். "முதலைகிட்ட நாம ஒரு வார்த்தை கேக்கலையே அக்கா."

நியாயம்தானே? அம்பலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை வாங்கினார். "முதலையாரே! உங்க மேல ஒரு செய்தி வந்திருக்கு. நீங்க உள்ள இருக்கீங்களா, இல்லையா? பயப்படாமச் சொல்லுங்க!"

கண்மாய் கம்மென்று கிடந்தது.

"மௌனம் சம்மதம்," என்றான் கருப்பணன்.

"அதெப்படி? அது கூச்ச சுபாவமா இருந்தா?" என்று அதட்டினார் அம்பலம். "வாயால சொல்ல வேணாம். நம்ம ஊர் வாட்ஸப் குழுவுல ஒரு மறுப்பு போட்டாக்கூடப் போதும்."

பேச்சியம்மாள் அதைக் கேட்டாள். மெல்ல நழுவிக் கருவேலமரத்துக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு செய்தி வந்தது. "நான் கண்மாயை விட்டுப் போய்விட்டேன். யாரும் பயப்பட வேண்டாம். இப்படிக்கு, முதலை."

"பாத்தீங்களா! கேட்டதும் பதில் போட்டுருச்சு. நம்ம பயலுகளுக்கு இந்த மரியாதை வருமா?" அம்பலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துண்டை வீசினார். ஊர் மொத்தமும் தொபுக்கடீர் என்று குதித்தது. பேச்சியம்மாள் கூடையில் கை நீளத்துக்கு ஒரு விரால் விழுந்தது.

வீரணன்தான் சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே போனை எடுத்தான். "ஏப்பா, மறுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிக்கலையே... அட, பேச்சியக்கா நம்பரு!"

செத்தோம் என்று நினைத்தாள் பேச்சியம்மாள்.

"முதலைக்கு ஏதுடா போனு? இரவல் வாங்கியிருக்கும்," என்றான் கருப்பணன்.

அம்பலம் நெற்றியைத் தேய்த்தார். "அப்படின்னா... இங்கிருந்து போன முதலை இப்ப பேச்சி வீட்டுலல்ல இருக்கு!"

அடுத்த நிமிஷம் குழுவில் வந்துவிட்டது: "பேச்சியம்மாள் வீட்டில் முதலை! உடனே பகிரவும்!"

ஐயோ, அந்தக் குழுவில் மாப்பிள்ளையையும் சேர்த்திருந்தார்களே! பேச்சியம்மாள் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளை போனும் கையுமாக ஓட்டுக்கூரை உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க மாப்பிள்ள! முதலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மறுப்பைப் போட்டதே நான்தான்!"

"நீங்க போட்டதா? கீழ 'முதலை'ன்னு கையெழுத்து இருக்கே அத்தை?"

பேச்சியம்மாள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். ஆமாம், அப்படித்தான் இருந்தது. அவளும் வெள்ளந்திப்பட்டியில் பிறந்து வளர்ந்தவள்தானே? உள்ளே போய்க் குழம்பை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இலை போட்டாள்.

ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளை பதறிப்போனார்.

"அத்தை, அத்தை! அதுக்கு வால் துண்டு போதும்! நடுத்துண்ட மேல ஏத்திவிடுங்க!"