எல் நினோவுக்குப் பெயர் வைத்தவள்

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, பெரு நாட்டுக் கடற்கரையில் செலஸ்தினா என்றொரு மீன்காரி இருந்தாள். அவள் திட்டினால் நண்டுகூட நேராக நடக்கும் என்பார்கள். அப்படிப்பட்ட வாய்.

அந்தக் கடல் குளிர்ந்த கடல். குளிர்ந்த நீரில்தான் நெத்திலி இருக்கும். நெத்திலி இருந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம், எங்கிருந்தோ வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வந்து கரையோரமாகப் படுத்துக்கொண்டது. நெத்திலிகள் தலைதெறிக்க ஓடின. போட்ட வலை வெறுமனே திரும்பியது. பட்டினியில் செலஸ்தினாவின் கைக்குழந்தைக்குப் பால்கூட வற்றிவிட்டது.

வேண்டாத நீரோட்டத்தை விரட்ட அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊரார் துடுப்பால் தண்ணீரை அடிப்பார்கள். ஒருவர் உள்ளே இறங்கி அதற்கு ஒரு கெட்ட பெயர் வைக்க வேண்டும். பெயர் விழுந்தால் அது ஒரேயடியாகப் போய்விடும். ஆனால் ஒன்று, வைத்த பெயரை மாற்ற முடியாது.

"கொள்ளைக்காரன்னு வை," என்றது பசியில் துவண்ட கூழைக்கடாப் பறவை ஒன்று.

"திட்டறதுக்கு எனக்கே சொல்லித் தர்றியா? சும்மா இரு," என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு செலஸ்தினா இறங்கினாள்.

துடுப்புகள் விழுந்தன. அடிபட்ட தண்ணீர் நடுங்கி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"அடிக்க வேணாம்னு சொல்லுங்க. வழி தவறி வந்துட்டேன்," என்று சின்னப் பிள்ளை போலத் தேம்பியது.

ஊரில் யாரையும் விட்டுவைக்காதவள்தான் அவள். ஆனால் அழுகிற பிள்ளையை அந்தக் கரையில் யாரும் திட்டுவதில்லை. முதலில் தேற்றல், அப்புறம்தான் மற்றது. நாக்கு நுனிவரை வந்த வசவு அப்படியே நின்றது.

"அழாதே, நினோ," என்றுவிட்டாள்.

நாம் முன்பின் தெரியாத பொடியனையும் 'தம்பி' என்கிறோமே, அதுபோல அவர்களுடைய ஸ்பானிய மொழியில் சின்னப் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

துடுப்புகள் நின்றுவிட்டன.

"அடிப்பாவி! பேரே வச்சுட்டியே!" என்று கூழைக்கடா இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டது. "பிள்ளைன்னு கூப்பிட்டா அது இனி எங்க போகும்? எங்க குடியைக் கெடுத்துட்டியே!"

"வச்சது வச்சதுதான்," என்றாள் செலஸ்தினா. வாய்தான் அப்படிச் சொன்னது. இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

தண்ணீருக்கோ தலைகால் புரியவில்லை. மேகமாக எழும்பி, மழையே காணாத அந்த மணற்காட்டில் கொட்டித் தீர்த்தது. பல வீடுகள் இடிந்தன. மணலில் புல்லும் முளைத்தது. ஊரார் அதில் பயறு விதைத்துப் பசியாறினார்கள். செலஸ்தினாவுக்கும் பால் சுரந்தது. பிறகு ஒருநாள் அந்த நீரோட்டம் கிளம்பியது.

"போயிட்டு வர்றேம்மா!"

"போறேன்னு மட்டும் சொல்லு, சனியனே!" என்று அவள் கத்தினாள். அது காதில் வாங்கவே இல்லை.

அன்று முதல்தான் சில வருஷத்துக்கொரு தடவை அது திரும்பி வருகிறது. ஊரார் அதை 'எல் நினோ', அதாவது 'அந்தப் பிள்ளை' என்றார்கள். எந்தத் தேசத்தில் போய் வெயிலையும் மழையையும் கலைத்துப்போட்டாலும், யாரென்று கேட்டால் அந்த ஒரு பெயரைத்தான் சொல்கிறது. மழை பொய்த்த வருஷம் நம் ஊர்ச் செய்தித்தாளும் அப்படியே எழுதுகிறது. அதைத் திட்டுகிறவர்கள்கூடப் பிள்ளை என்று கூப்பிட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.