வராந்தா பெஞ்சு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

சொன்னவர் அம்பலவாணன். எங்கள் பல்கலைக்கழகத்தில், முதுகலை சேர வருகிற வெளிநாட்டு மாணவர்களின் பட்டம் மெய்யானதா, நம் பட்டத்துக்கு இணையானதா என்று பார்க்கும் பிரிவில் எனக்கு முன் வேலை பார்த்தவர். அவர் தன் குருவென்று சொல்வது அந்தப் பிரிவின் தலைவராக இருந்த காதர் மீரானை. அவரிடம் வந்து சேரும்போது அம்பலவாணனுக்கு நாற்பது வயது. அதற்கு முன் தேர்வுப் பிரிவில் பதினொரு போலி மதிப்பெண் பட்டியல்களைப் பிடித்திருந்தார். இவரிடம் கொடுத்தால் நம் பிறந்த தேதியே போலியாகிவிடும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்களாம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஹோதன் என்ற சோமாலியப் பெண் வேதியியல் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பட்டம் கையில் இருந்தது. அது மெய்தான் என்று அவள் படித்த பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். அவள் ஊரிலோ போர். நாற்பத்தைந்து நாளில் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தை நிராகரித்து முடித்துவிடலாம் என்பது விதி. முடித்தால் இடம் போகும். இடம் போனால் விசா போகும். அவள் அந்தப் போருக்குள்தான் திரும்ப வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தை அம்பலவாணன் மீரானிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனார். பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார்.

"விதிப்படி முடிச்சிருவேன் சார். பதில் சொல்ல ஆளில்லாத பட்டத்தை எப்படி நம்புறது?"

மீரான் கையெழுத்துப் போட்டார். பிறகு, நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று விசாரித்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கல்லூரி. அதே கடிதத்தை அம்பலவாணனின் பெயரும் பதிவு எண்ணும் போட்டு அந்தக் கல்லூரிக்கும் தட்டச்சு செய்யச் சொன்னார். அதற்கும் ஒரு கோப்பு திறந்தார்.

"என் பட்டத்தையே சந்தேகப்படுறீங்களா சார்?"

"ஒரு கடிதம்தானே. போகட்டும்."

ஹோதன் தினமும் காலையில் வந்து வராந்தா பெஞ்சில் உட்காருவாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. பியூன் தபால் கட்டோடு வரும்போது எழுந்து நிற்பாள். அவர் கடந்து போனதும் உட்கார்ந்துவிடுவாள். முதல் மாதம் அம்பலவாணன் அந்தக் கட்டைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு அவரும் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். இதைச் சொல்லும்போது அவர் எப்போதும் சிரிப்பார்.

நாற்பத்தைந்தாம் நாள் வந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

மீரான் இரண்டு கோப்புகளையும் அருகருகே விரித்து வைத்தார். 'மெய்த்தன்மை உறுதி செய்ய இயலவில்லை' என்ற ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி அம்பலவாணன் கையில் கொடுத்தார்.

"ரெண்டுலயும் போடுங்க."

"சார், எங்க காலேஜ்ல கிளார்க் லீவுல இருப்பாரு. இல்லேன்னா கடிதம் எந்த மேசையிலயாவது கிடக்கும்."

"அங்க குண்டு ஏதும் விழுந்துச்சா?"

அம்பலவாணன் முத்திரையைப் பிடித்தபடி நின்றார். மை அவர் விரலில் இறங்கியது.

"மூணு வருஷம் படிச்சேன் சார். எந்த லேப்ல எந்தக் குழாய் ஒழுகும்னு இப்பவும் சொல்லுவேன். யாரு வேணா என்னைக் கேட்டுப் பார்க்கட்டும்."

மீரான் வராந்தா பக்கம் திரும்பினார்.

"நாற்பத்தஞ்சு நாளா அவ அங்கதான் இருக்கா. கேட்டீங்களா?"

அம்பலவாணன் கதையை எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொன்னபோதும் இங்கேதான். ஓய்வுபெறும் விழாவில் சொன்னபோதும் இங்கேதான். கேட்டவர்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

என் சந்தேகமெல்லாம் அந்த இரண்டாவது கடிதத்தின் மேல்தான் இருந்தது. எந்த அதிகாரி அப்படி ஒரு கடிதத்தை நிஜமாகவே தபாலில் சேர்ப்பார்? இரண்டு வருடங்களுக்கு முன் பதிவறையைச் சுத்தம் செய்தபோது பழைய தபால் பதிவேடு கிடைத்தது. தேடிப் பார்த்தேன். ஒரே தேதி. அடுத்தடுத்த எண்கள். சோமாலியாவுக்கு ஒன்று, அந்தக் கல்லூரிக்கு ஒன்று.

அதோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இப்போது அம்பலவாணனின் நாற்காலியில் நான் இருக்கிறேன். பதில் வராத கோப்புகள் மூன்று என் மேசையில் இருக்கின்றன. வராந்தாவில் அதே பெஞ்சுதான். அதைக் கடந்துதான் தினமும் உள்ளே வருகிறேன். பெரும்பாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே.

போன மாதம் அம்பலவாணனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு மீரானைப் பற்றி வந்தது. கதையை மறுபடி சொன்னார். குழாய் வரைக்கும் சொன்னார், மை இறங்கியது வரைக்கும் சொன்னார். வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் கைதட்டவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவளை உள்ளே கூப்பிட்டீங்களா?"