படத்தில் ஏறிய குதிரை

காக்கரைப்பட்டி ஜமீன்தாருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சீமையில் பந்தயக் குதிரைகளை வரைந்து பேர் வாங்கிய பார்லோ துரை, ஜமீன்தார் குதிரைமேல் உட்கார்ந்திருப்பதைப் படமாக எழுதிக் கொடுத்திருந்தார். படத்துக் குதிரைக்குத் தலை சிறுத்து, கால் மெலிந்து, அடிவயிறு ஒட்டியிருந்தது. லாயத்தில் நின்றதோ பானை வயிற்றுக் குதிரை. எது நிஜம்? படத்தைப் பார்ப்பார், லாயத்துக்கு ஓடுவார், மறுபடி படத்துக்கே வருவார். தலை சுற்றியது. கடைசியில், துரை பொய் எழுதுவாரா என்று முடிவுகட்டி, குதிரைக்காரன் மஸ்தானைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டதையும் தின்னக் கொடுத்து என் குதிரையைக் கெடுத்துட்டியேடா! வெள்ளிக்கிழமை கலெக்டர் படத்தையும் குதிரையையும் பார்க்க வர்றார். அதுக்குள்ள படத்துல இருக்கிறபடியே குதிரை நிக்கணும். இல்லேன்னா தோலை உரிச்சிடுவேன்!"

மஸ்தான் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சலாம் வைத்தான்.

"நாளைக்கே நிறுத்திடறேன் எஜமான். ஆனா மேல உட்கார்ந்திருக்கிற இந்த ஒட்டின வயித்துக்காரர் யாருன்னு தெரியலையே? அவரை முதல்ல வரச் சொல்லுங்க. அவர் வந்து ஏறினா, அந்தக் குதிரையும் தானா வந்துடும்."

ஜமீன்தார் படத்தைப் பார்த்தார். பிறகு தன் கால்விரலைப் பார்க்கக் குனிந்தார். வயிறுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கலெக்டர் வந்தபோது குதிரை லாயத்தில் பழையபடியே நின்றது. படம்தான் பரணில் ஏறியிருந்தது.